வேலியில் ஒரு பொட்டு

யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றிற் பிறந்து வளர்ந்தவருக்கு வேலியைப் பற்றி எவரும் விரிவுரை நிகழ்த்த வேண்டியதில்லை. கிளுவையும் பூவரசும் கதிகாலாக நிற்க, கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்து கட்டிய வேலிக்குள்ளேதான் நம்மவருடைய வாழ்வு நடந்தது. முன்புறத்திலே படலை, உற்றாரும் தபாற்காரரும் மீன்காரரும் அதனூடாகவே வருவர். பின்புறத்திலே, பெரும்பாலும் கிணற்றடிக்கு அண்மையில், ஒரு பொட்டு இருக்கும். குனிந்துதான் செல்ல வேண்டும். அயல்வீட்டு ஆச்சி தண்ணீர் அள்ளிச் செல்வதற்கென்று பாட்டனார் காலத்தில் விட்டதாயிருக்கும். அந்தப் பொட்டுக்கு உறுதியிலே இடமில்லை. எதற்காக விடப்பட்டது என்று எழுதி வைத்தவரும் இல்லை. வளவை விலைக்கு வாங்கிய புதியவர் ஒரு நாள் வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டுவார். மதில் நேராகவும் அழகாகவும் இருக்கும். மறுநாட் காலையிலே ஆச்சி வாளியுடன் வந்து, மதிலைப் பார்த்துச் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவாள். அவள் எவரிடமும் முறையிடமாட்டாள்.

நான் கட்டிய மதில் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

நான் கணித ஆசிரியன். பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றதும் அப்பாடத்திலேயே. நான் படிப்பிக்கின்ற இந்துக் கல்லூரியில் கணினி அறை திறந்து வைக்கப்பட்ட பொழுது, “கணக்குத் தெரிந்தவருக்குக் கணினி தெரியாதோ?” என்று கேட்டு, அன்றைய அதிபர் அவர்கள் அறைத் திறப்பை என் கையிலே தந்துவிட்டார். அதை இன்றுவரை எவரும் திருப்பிக் கேட்கவில்லை. அறை பெருகி வலையமைப்பாயிற்று. இணையம் வந்தது, இணையத்தின் பின்னே அதன் தொல்லைகளும் வந்தன. ஆகவே தீச்சுவர் வேண்டியதாயிற்று.

தீச்சுவர் என்ற சொல் கட்டடத் தொழிலிலிருந்து வந்தது. ஒரு வீட்டிற் பிடித்த நெருப்பு அடுத்த வீட்டுக்குத் தாவாதபடி இடையிலே எழுப்பப்படும் சுவருக்கு அப்பெயர். 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆம் நாள், அமெரிக்காவிலே கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அவிழ்த்துவிட்ட ‘மொறிஸ் புழு’ என்னும் நிரல், அக்காலத்து இணையத்தில் இருந்த ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. கணினிகளுக்கு இடையேயும் சுவர் வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னர் வலுப்பெற்றது. 1994இல் வில்லியம் செஸ்விக், ஸ்டீவன் பெலோவின் என்னும் இருவர் தீச்சுவர்களைப் பற்றி எழுதி வெளியிட்ட நூல் இத்துறையிற் பலருக்கு முதற் பாடநூலாய் அமைந்தது.

பெயர் சுவர் என்றிருந்தாலும், செய்யும் தொழிலைப் பார்த்தால் அது படலையும் காவற்காரனும் ஆகும். காவற்காரனின் கையில் ஒரு நாமாவலி இருக்கிறது என்று கொள்வோம். வருகின்ற பொதி ஒவ்வொன்றையும் நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், என்ன அலுவல் என்று மூன்று கேள்வி கேட்பான். நாமாவலியை மேலிருந்து கீழாக வாசிப்பான். முதலிலே பொருந்துகின்ற வரி எதுவோ அதன்படி விடுவான் அல்லது மறிப்பான். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பாரான். ‘மாணவர் எவரும் வெளியே செல்லலாகாது’ என்பது 3ஆம் வரியிலும், ‘மாணவ முதல்வர் செல்லலாம்’ என்பது 9ஆம் வரியிலும் இருந்தால், பாவம், மாணவ முதல்வர் என்றைக்குமே படலையைத் தாண்டமாட்டார். ஒன்பதாவது வரி மூன்றாவது வரியின் நிழலிலே கிடந்து வாடும். சிக்காகோவில் டீபோல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஹாப் அல்-ஷாயர், ஹசெம் ஹமெட் ஆகியோர் இவ்வகை முரண்களை வகைப்படுத்தி 2003, 2004ஆம் ஆண்டுகளிற் கட்டுரைகள் எழுதினர். நிழல் என்றே ஒரு வகைக்குப் பெயரும் இட்டனர். ஒரு தீச்சுவருக்குள்ளே காணப்படும் முரண் ஒருபுறமிருக்க, ஒன்றோடொன்று தொடர்புடைய பல தீச்சுவர்களுக்கு இடையே தோன்றும் முரணையும் அவர்கள் ஆராய்ந்தமை என்போன்றோருக்குப் பின்னாளிற் பயன்பட்டது.

எங்கள் கல்லூரிக்கு மூன்று தீச்சுவர்கள் அமைந்தன. பிரதான கட்டடத்தில் ஒன்று; வீதிக்கு அப்பால் உள்ள மாணவர் விடுதியில் ஒன்று; 2 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஆரம்பப் பிரிவில் ஒன்று. மூன்றும் வெவ்வேறு ஆண்டுகளில், கடல் கடந்து வாழும் பழைய மாணவர்களின் வெவ்வேறு அன்பளிப்புகளாக வந்தவை. மூன்றையும் வெவ்வேறு பேர் அமைத்தனர். விடுதியிலிருந்ததை அமைத்தவர் என்னுடன் படிப்பித்த விஞ்ஞான ஆசிரியர். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர், அதிகம் எழுதாதவருங்கூட. அவர் இப்பொழுது நம்மிடையே இல்லை.

மூன்று வேலிகளையும் மூன்று இடங்களுக்குச் சென்று அடைப்பது எத்துணைப் பிரயாசை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புதிய ஆபத்து வந்துவிட்டதென்று கேள்விப்பட்டால் மூன்று கடவுச்சொற்களைத் தேடி, மூன்று தடவை அதே திருத்தத்தைச் செய்ய வேண்டும். மூன்றாவது இடத்திற்குச் செல்லுமுன் மழை வந்துவிடும். ஆகையால் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஆள்வதற்கான மத்திய முகாமை முறைமை ஒன்றை அமைப்பதென்று தீர்மானமாயிற்று. உலகத்திற் பெரிய நிறுவனங்கள் பல இவ்வாறே செய்கின்றன. பாலோ அல்ட்டோ நிறுவனத்தாரின் ‘பனோரமா’, போர்ட்டிநெட் நிறுவனத்தாரின் ‘போர்ட்டிமேனேஜர்’ போன்றவை இத்தகையன. எங்களுடையது எது என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். நடந்த பிழை என்னுடையது.

கொழும்பிலே வலையமைப்புத் தொழில் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தார். எட்டாம் வகுப்பில் என்னிடம் பின்னம் படித்தவர். அவர் தொலைபேசியில் மூன்று காரியம் சொன்னார்.

“சேர், முதல்ல மூண்டு பெட்டியிலையும் இருக்கிறதை அப்பிடியே காப்புப் படி எடுத்து வையுங்கோ. பிறகு, ஒவ்வொரு விதியையும் ஒரு கொப்பியிலை எழுதுங்கோ. விதிக்குப் பக்கத்திலை எத்தினை தரம் பயன்பட்டதெண்டு ஒரு எண் இருக்கும். அதையும் எழுதுங்கோ. மூண்டாவது, ஒவ்வொரு விதியும் ஏன் இருக்குதெண்டு விசாரியுங்கோ.”

“விசாரிச்சுத் தெரியாட்டி?”

“தெரியுமட்டும் விசாரியுங்கோ, சேர்.”

காப்புப் படி எடுத்தேன். ஒரு சி.ஆர். கொப்பியிலே மூன்று தீச்சுவரின் விதிகளையும் கோடு போட்டு அழகாக எழுதினேன். விசாரணைதான் அரைவாசியில் நின்றது. பரீட்சை வினாத்தாள் திருத்தும் காலம் அது. மேலும், விதியை எழுதியவரே இறந்துபோன பின் யாரிடம் விசாரிப்பது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டேன்.

இனி முரண்பாடுகளுக்கு வருவோம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தீச்சுவரை மத்திய நிலையத்தின் கீழ்க் கொண்டுவருவதற்கு இரண்டு வழியுண்டு. கருவியில் உள்ளதை நிலையத்திற்கு எடுத்துக்கொண்டு, அதை ஒழுங்குபடுத்தித் திரும்ப அனுப்புவது ஒரு வழி. நிலையத்தில் உள்ளதைக் கருவியின் மேலே எழுதிவிடுவது மற்றையது. இரண்டாவது வழி புதுக் கருவிக்குத்தான் பொருந்தும். பழையதற்கு அதைச் செய்தால், குடியிருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடியிருப்பவரை வெளியே நிறுத்திய கதையாகிவிடும். நாங்கள் முதலாவது வழியையே கைக்கொண்டோம். பிரதான கட்டடத்துத் தீச்சுவரை முதலிற் சேர்த்தோம். ஒரு தொல்லையும் இல்லை. நிலையம் வெறுமையாக இருந்ததாற் சண்டை பிடிக்க ஆளில்லை.

ஆரம்பப் பிரிவைச் சேர்த்தபொழுது முதற் சண்டை தொடங்கியது. இரண்டு இடத்திலும் கணினிகளின் முகவரிகள் 192.168.1 என்றே தொடங்கின. இதில் வியப்பில்லை. 192.168 என்று தொடங்கும் முகவரிகள், 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையானவை ஆகிய மூன்று தொகுதிகளையும் எவரும் தத்தம் வளவுக்குள்ளே தாராளமாகப் பாவிக்கலாம் என்று இணையத்தை நெறிப்படுத்துவோர் 1996இல் வெளியிட்ட ஓர் ஆவணம் வகுத்துள்ளது. கடையில் வாங்கும் கருவிகளிற் பல 192.168.1 என்ற முகவரியுடனேயே பெட்டியிலிருந்து வெளிவரும். தனித்தனி வளவுகளாக இருக்கும்வரை பாதகமில்லை. இரண்டு ஊரிலே இரண்டு கோயில் வீதி இருப்பது போலத்தான். இரண்டு ஊரையும் ஒரு நகரசபை ஆளத் தொடங்கினால் தபாற்காரர் திண்டாடுவார். ஆரம்பப் பிரிவில் 18 கணினிகளும் 2 அச்சுப்பொறிகளுமே இருந்தபடியால், அவற்றுக்கு 192.168.8 என்று புது முகவரி கொடுத்தோம். ஒரு சனிக்கிழமையிற் காரியம் முடிந்தது.

அடுத்தது வார்ப்புரு. எல்லாக் கருவிக்கும் பொதுவான அமைப்புகளை நிலையத்தில் ஒரு வார்ப்புருவாக எழுதி எல்லோருக்கும் அனுப்பலாம். நேரம், பெயரேடு, கடவுச்சொல் விதிகள் போன்றவை அதற்கு ஏற்றவை. நானோ, ஆர்வ மிகுதியால், வெளியிணைப்பின் வாயில் முகவரியையும் அதிலே சேர்த்துவிட்டேன். ஆரம்பப் பிரிவுக்கு இணைப்பு வழங்குபவர் வேறொருவர் என்பதை மறந்தேன். வார்ப்புரு போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த மறுகணமே ஆரம்பப் பிரிவு உலகத்தோடு கொண்ட உறவை முறித்துக்கொண்டது. நான் இருந்த இடத்திலிருந்து அதைத் திருத்தவும் இயலாது. ஏனெனில் திருத்தம் செல்ல வேண்டிய வழியைத்தான் நான் அடைத்திருந்தேன். மடிக்கணினியைப் பையிற் போட்டுக்கொண்டு, நண்பகல் வெயிலில், துவிச்சக்கரவண்டியில் 2 கிலோமீற்றர் சென்றேன். ஜூனிப்பர் நிறுவனத்தாரின் கருவிகளில் இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. மாற்றத்தைச் செய்துவிட்டு மறுபடியும் உறுதி சொல்லாவிட்டால், 10 நிமிடத்தில் அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடுமாறு கட்டளையிடலாம். இவ்வசதி மனிதருக்கும் இருந்தாற் குடும்பச் சண்டைகள் எவ்வளவோ குறையும்.

இவை இரண்டும் வெளிப்படையான முரண்கள். பிழை நடந்ததும் கத்தும். கத்தினால் ஓடிச்சென்று பார்க்கிறோம். விடுதித் தீச்சுவரிலே நேர்ந்ததோ கத்தாத முரண்.

வகுப்பாசிரியராக இருந்தவர்களுக்கு அதை எளிதில் விளக்கலாம். ஆசிரியர் போதாமையால் இரண்டு வகுப்பை ஒன்றாக்குகிறோம். இரண்டு வரவு இடாப்பையும் ஒன்றாக எழுத வேண்டும். அங்கும் ஒரு சிவகுமார், இங்கும் ஒரு சிவகுமார். பெயர் ஒன்று, ஆள் இருவர். வேறோரிடத்தில், ஒரே பிள்ளை ஓர் இடாப்பில் வீட்டுப் பெயராலும் மற்றதிற் பிறப்புப் பத்திரப் பெயராலும் பதியப்பட்டிருக்கும். பெயர் இரண்டு, ஆள் ஒருவர். இரண்டாவது வகையாற் பெரிய கேடில்லை. இடாப்பு நீளும், அவ்வளவுதான். முதலாவதில் ஒரு சிவகுமாரை அழித்துவிட்டால், அழிக்கப்பட்டவன் வகுப்பில் இருந்துகொண்டே இல்லாதவனாகிவிடுவான். அவனுடைய புள்ளி மற்றவனுக்குப் போகும்.

தீச்சுவரின் விதிகளிலே கணினிகளை எண்ணால் எழுதுவதிலும் பெயரால் எழுதுவதே வழக்கம். ‘நூலகம்’ என்று ஒரு பெயரை உண்டாக்கி அதற்கு ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டால், விதிகளில் நூலகம் என்றே எழுதலாம். விடுதித் தீச்சுவரை நிலையத்தில் இறக்கியபொழுது, இரு பக்கத்திலும் ஒரே பெயரும் வெவ்வேறு பெறுமானமும் கொண்டவை என்று 43 பெயர்களை அது வரிசையாகக் காட்டிற்று. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கேள்வி: நிலையத்தின் பெறுமானத்தைக் கொள்வதா, கருவியின் பெறுமானத்தைக் கொள்வதா?

தவணை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. இரவு 11 மணி ஆகிக்கொண்டிருந்தது. முதல் இருபதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் அற்ப வேறுபாடுகள். ஒன்றில் நிறம் வேறு. ஒன்றிற் குறிப்பு வேறு. கொட்டாவி வந்தது. பட்டியலின் தலையிலே எல்லாவற்றுக்கும் ஒருங்கே விடை சொல்ல ஒரு சிறிய கட்டம் இருந்தது. ‘எல்லாவற்றுக்கும் நிலையத்தின் பெறுமானம்’ என்று அதிற் குறியிட்டேன். மத்திய நிலையம் என்று ஒன்றை உண்டாக்கிவிட்டு அதன் சொல்லைக் கேட்காவிட்டால் எப்படி என்று எண்ணியதும் ஞாபகம். கட்டளையை அனுப்பினேன். மூன்று கருவிக்கும் நேரே மூன்று பச்சை விளக்கு. அதிபருக்குச் செய்தி அனுப்பிவிட்டு நிம்மதியாக உறங்கினேன்.

சில முறைமைகளில் நிலையம் அனுப்பும் விதியின் பெயரும் கருவியில் ஏற்கெனவே உள்ள விதியின் பெயரும் ஒன்றாயிருந்தாற் கருவி ஏற்க மறுத்துவிடும். பனோரமா அத்தகையது. மறுக்கின்ற கருவியை அந்த நேரத்தில் நாம் வைவோம். அது மறுப்பதே நமக்கு நன்மை என்று பின்புதான் தெரியவரும்.

புதிய தவணை தொடங்கிற்று. விடுதியிலும் புதிய பொறுப்பாசிரியர். பழையவர் ஓய்வு பெற்று மகளுடன் வசிக்கச் சென்றுவிட்டார். ஐந்து வாரம் கழிந்து, சிவராத்திரி விடுமுறையோடு சில நாட்களுக்கு நம்முடைய கொழும்புத் தம்பி ஊருக்கு வந்தவர், ஒரு வியாழக்கிழமை மாலை என் வீட்டு விறாந்தையிலே வந்தமர்ந்தார். தேநீர் குடித்து முடியுமுன்பே கேட்டார்:

“சேர், அந்தக் கொப்பி இருக்குதோ?”

கொப்பியைக் கொடுத்தேன். மடிக்கணினியைத் திறந்து, கொப்பியில் உள்ள எண்களையும் திரையில் உள்ள எண்களையும் விரலாற் பொருத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு, நான் திருத்திய விடைத்தாளை இன்னொருவர் மீளத் திருத்துவது போன்ற ஓர் உணர்ச்சி. விடுதியின் 14ஆம் விதியில் அவர் விரல் நின்றது.

“சேர், இந்தப் பதினாலு ஆருக்கு?”

“தெரியாது தம்பி. அது அவர் எழுதினது.”

“கொப்பியிலை 212 எண்டு இருக்கு. இப்ப பூச்சியம். நாங்கள் மாத்தினதுக்குப் பிறகு ஒருக்காலும் பயன்படேல்லை. நேரத்தைப் பாருங்கோ. வெள்ளிக்கிழமை இரவு 9 மணியிலையிருந்து 10 மணி மட்டும்.”

விதி சொல்வது இதுதான்: ‘ஸ்பெஷல் 1’ என்னும் கணினி, வெள்ளி இரவு ஒரு மணி நேரம், காணொளி அழைப்புச் செய்யலாம். விடுதியிலே படிப்பு நேரத்தில் ஏனைய எல்லோருக்கும் அது தடை. ‘ஸ்பெஷல் 1’ என்பதைத் திறந்து பார்த்தார். 192.168.1.50.

“சேர், இது பரீட்சைக் கந்தோர் மெசின். விடுதியிலை எப்பிடி?”

அப்பொழுதுதான் விளங்கிற்று. பிரதான கட்டடத்திலே பரீட்சைக் கந்தோரின் கணினிக்கு நான் ‘ஸ்பெஷல் 1’ என்று பெயரிட்டிருந்தேன். விடுதியிலே அந்த நண்பரும் வேறெதற்கோ அதே பெயரை இட்டிருந்தார். காப்புப் படியைத் திறந்து பார்த்தோம். அவருடைய ‘ஸ்பெஷல் 1’ 192.168.5.12, பொறுப்பாசிரியரின் அறை மூலையில் இருக்கும் பழைய கணினி. நான் குறியிட்ட சிறு கட்டம் அதை அழித்து, என்னுடையதை அங்கே வைத்துவிட்டது. விதி இருந்தது, நேரம் இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் அந்தப் பொட்டு, வீதிக்கு அப்பால் ஒரு மதிலை நோக்கித் திறந்திருந்தது.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு விடுதிக்குப் புறப்பட்டேன். புதிய பொறுப்பாசிரியருக்கு ஒன்றும் தெரியாது. “வெள்ளிக்கிழமையிலை ஒரு பெடியன் வந்து அந்தக் கணினியிலை இருக்கிறவன். ஏதோ படிக்கிறானாக்கும் எண்டு விட்டுட்டன்” என்றார். பெடியனை அழைப்பித்தார். ஒன்பதாம் வகுப்பு. என்னுடைய வகுப்பிலேயே, மூன்றாம் வரிசையில் இருப்பவன். கணக்கில் நல்ல பிள்ளை. அந்தத் தவணையில் மட்டும் புள்ளி இறங்கியிருந்தது. அதைக் கவனியீனம் என்று அவனுடைய கொப்பியிலே சிவப்பு மையால் எழுதியவன் நானே.

“வெள்ளிக்கிழமையிலை ஆரோடை கதைக்கிறனி, அப்பன்?”

“அம்மாவோடை, சேர்.”

தாயார் குவைத்திலே ஒரு வீட்டில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமைகளில்தான் அவருக்கு ஓய்வு. இங்கு இரவு 9 மணி ஆகும்போது அங்கு மாலை 6.30. விடுதியில் மாணவர் கைத்தொலைபேசி வைத்திருக்க இயலாது. ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த காலத்தில் இவன் இரவிலே அழுதுகொண்டிருந்ததைக் கண்டு, மறைந்த நண்பர் அந்த விதியை எழுதியிருக்கிறார். தாயார் அவ்வப்போது பழைய பொறுப்பாசிரியரின் தொலைபேசிக்கு எடுப்பாராம். அவரோ போன இடத்தில் எண்ணையும் மாற்றிவிட்டார்.

“இப்ப கதைக்கிறேல்லையோ?”

“வேலை செய்யுதில்லை, சேர். அஞ்சு கிழமை.”

“ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

அவன் தரையைப் பார்த்தான். “புது சேர் நிப்பாட்டிப் போட்டார் எண்டு நினைச்சன்.”

ஒவ்வொரு வெள்ளியும் 9 மணிக்கு அந்தக் கணினியின் முன் சென்றமர்ந்து, 10 மணிவரை இருந்துவிட்டு, ஒழுங்காக அதை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான்.

அன்றிரவு தம்பியும் நானும் 43 பெயர்களையும் முதலிலிருந்து பார்த்தோம். இம்முறை தலையிலிருந்த கட்டத்தை நான் தொடவில்லை. பெயரும் ஒன்று, ஆளும் ஒருவர் என்றிருந்தவற்றை ஒன்றாக்கினோம். அவை 26. ஆள் வேறானவற்றுக்கு இடத்தின் பெயரை முன்னொட்டாகச் சேர்த்தோம்: விடுதி, ஆரம்பம், பிரதானம். மிகுந்தவை சுவையானவை. ‘அச்சுப்பொறி’ என்ற பெயர் மூன்று இடத்திலும் இருந்தது; மூன்று இடத்திலும் முகவரி வேறு; ஆயினும் செய்யும் தொழில் ஒன்று. அவற்றுக்குப் பெயரை மாற்றாமல், ஒரே பெயர் கருவிக்குக் கருவி வெவ்வேறு முகவரியைச் சுட்டுமாறு அமைக்கும் வசதி நல்ல முறைமைகளில் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ‘அடுப்படி’ என்றால் அந்தந்த வீட்டு அடுப்படியே என்பது போல.

‘ஆசிரியர்’ என்ற பெயர் என்னைத் திடுக்கிட வைத்தது. பிரதான கட்டடத்தில் அது 12 கணினிகளைக் குறித்தது. புள்ளிப் பதிவேட்டைத் திறக்க அவற்றுக்கு மாத்திரமே அனுமதி. விடுதியிலோ, வருவோர் போவோர் பாவிக்கும் வைபை உட்பட அலுவலகப் பகுதி முழுவதையும் அப்பெயராற் குறித்திருந்தனர். அன்றிரவு நான் மற்றப் பக்கத்திற் குறியிட்டு, ‘எல்லாவற்றுக்கும் கருவியின் பெறுமானம்’ என்று சொல்லியிருந்தால், விடுதிக்கு வரும் விருந்தினருக்குப் புள்ளிப் பதிவேட்டின் படலை திறந்திருக்கும். ஒரு பக்கம் சாய்ந்ததில் ஒரு பிள்ளையின் பொட்டு அடைபட்டது; மறுபக்கம் சாய்ந்திருந்தால் எல்லாப் பிள்ளைகளின் வேலியும் திறபட்டிருக்கும். அவிஷாய் வூல் என்னும் ஆய்வாளர் பல நிறுவனங்களிலிருந்து பெற்ற 37 தீச்சுவர் விதித் தொகுதிகளைப் பரிசோதித்து 2004இல் எழுதிய கட்டுரையிலே, தொகுதி சிக்கலாக ஆகப் பிழையும் பெருகுவதைக் காட்டியுள்ளார். பெருநிறுவனங்களின் கதியே அதுவாயின், வினாத்தாள் திருத்துவதற்கிடையே தீச்சுவர் அமைக்கும் கணித ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

விதி ஒவ்வொன்றின் அருகிலும் குறிப்பெழுத ஓர் இடம் உண்டு. மூன்று தீச்சுவரிலும் அவ்விடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. இப்போது நிரம்பியிருக்கிறது. 14ஆம் விதியின் அருகே பிள்ளையின் பெயரை எழுதாமல், ‘வெள்ளி இரவு, வெளிநாட்டிலுள்ள தாயாருடன் பேசுவதற்கு, நீக்குமுன் விடுதிப் பொறுப்பாசிரியரைக் கேட்கவும்’ என்று எழுதினோம். விதியை முதலில் எழுதியவரின் பெயரையும் போடலாம் என்றார் தம்பி. போட்டோம்.

கொப்பியிற் சிவப்பு மையால் எழுதியதை என்ன செய்வது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அடுத்த நாட் காலை அவனுடைய கொப்பியை வாங்கி, அந்தச் சொல்லை ஒரு கோடிட்டு வெட்டி, பக்கத்திலே கையொப்பம் வைத்துக் கொடுத்தேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை.

வெள்ளி இரவு. புதுப் பெயர்களுடன் கட்டளை மதியமே போய்ச் சேர்ந்திருந்தது. பச்சை விளக்குகளை இம்முறை நான் நம்பவில்லை. 8.50க்கே மடிக்கணினியைத் திறந்து 14ஆம் விதியை எதிரே வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தேன். 9 மணி, பூச்சியம். 9.03, பூச்சியம். பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து விரல் நொந்தது.

“இஞ்சாருங்கோ, புட்டு ஆறுது” என்றார் மனைவி உள்ளேயிருந்து.

“வாறன், ஒரு நிமிசம்.”

9.06க்கு அந்த எண் 3 ஆயிற்று. சிறிது பொறுத்து 5. நான் எழுந்திருக்கவில்லை. மனைவி வந்து தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்து, “இதிலை என்ன இருக்கு, ஒரு அஞ்சுதானே நிக்குது?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்திற் போட்டுக்கொண்டார்.

10 மணிக்குப் பொட்டு, விதிப்படி, தானே அடைந்துகொண்டது. மடிக்கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போனோம்.